சும்மா பார்க்கப் போனோம்

எங்கள் ஊருக்கு என்று யாரும் வருவதில்லை. எங்கள் ஊர் வழியாகத்தான் எல்லாரும் போகிறார்கள்.

கினிகத்தேனையைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். அவிசாவளையில் தொடங்கும் ஏ7 வீதி கித்துல்கலையைத் தாண்டி வளைந்து வளைந்து மேலே ஏறும். காது அடைக்கும், ஜன்னல் கண்ணாடியில் பனி படியும். அங்கே நிறுத்தி ஒரு பிளேன்டீ குடிப்பார்கள், போத்தலில் தண்ணீர் பிடிப்பார்கள், ஏறிப் போய்விடுவார்கள். நுவரெலியாவுக்குப் போகிறவர்களும் அப்படித்தான். டிசம்பர் போயாவிலிருந்து மே வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களும் அப்படித்தான். சின்ன வயதில் நாங்கள் ரோட்டோரம் நின்று அந்த வேன்களுக்குக் கை காட்டுவோம். சிலர் திருப்பிக் காட்டுவார்கள், சிலர் போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோக்கள் எல்லாம் எந்த ஊரில் இருக்கின்றனவோ!

2025 ஏப்ரலில், அந்த வேன்களில் ஒன்றில் நாங்கள் ஏறினோம்.

காரணம் அம்மா. முப்பது வருடத்துக்கும் மேல் கொழுந்து பறித்துவிட்டு, 52 வயதில் பேர் வெட்டிக்கொண்டு நின்றார். சேமலாப நிதி கைக்கு வந்தது. கூரைத் தகரம் மாற்ற ஒரு பங்கு, தம்பியின் படிப்புக்கு ஒரு பங்கு, அடகில் கிடந்த தோட்டை மீட்க ஒரு பங்கு. மிச்சத்தில் என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது அம்மா கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "அந்த உலக முடிவ ஒருக்கா பாக்கணும்." எங்கள் காம்பிராவில் எப்போதோ மாட்டிய காலண்டரில் அந்தப் படம் இருந்தது. வருடம் முடிந்தும் அம்மா அதைக் கழற்றவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்டதும் இல்லை.

ஊர்ப் பையன் ஒருவரின் வேன். மூன்று நாளைக்கு 60,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். அம்மாயி உடனே விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அப்போது ஒரு நாள் பேருக்கு 1,350 ரூபாய். "ஆத்தாடி! நாப்பத்தஞ்சு பேரு! மூணு நாள் வேனுல உக்காரவா?" அன்று முழுக்க முணுமுணுத்தார். ஆனால் மறுநாள் காலை ஐந்து மணிக்கு முதல் ஆளாகச் சேலை கட்டி வாசலில் நின்றதும் அவர்தான். அப்பாவுக்குக் கொழும்புக் கடையில் லீவு கிடைக்கவில்லை. அம்மாயி, அம்மா, சித்தி, மாமா, பிள்ளைகள் நாங்கள் நான்கு பேர். சமைத்த ரொட்டியும் கட்டச் சம்பலும், ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லாருடைய அடையாள அட்டையும். அடையாள அட்டை மட்டுமல்ல, பிறப்புச் சான்றிதழ்கள்கூட. "டிரிப் போறதுக்கு பேர்த் சேட்டிபிக்கட் எதுக்கும்மா?" என்று தம்பி சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. "இருக்கட்டும்."

வட்டவளை, ரொசல்லை தாண்டி ஹட்டன் வந்தபோது வேனில் பாட்டுச் சத்தம் உச்சத்தில் இருந்தது. ஸ்டேஷன் பக்கம் திரும்பும்போது அம்மாயி மாமாவின் தோளைத் தட்டி, பாட்டைக் குறைக்கச் சொன்னார்.

அம்மாயியின் அக்கா இங்கிருந்துதான் கோச்சி ஏறினார். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டபோது, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றுப் போயிருந்த 9,75,000 பேரைக் கணக்கில் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று. பல்கலைக்கழகத்தில் இதைக் குறிப்பெடுத்து, பரீட்சையில் எழுதி, மாக்ஸும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வீட்டுக்குள் அக்கா ஒரு பக்கமும் தங்கச்சி ஒரு பக்கமும் விழுந்ததை எந்தக் குறிப்பிலும் நாங்கள் படிக்கவில்லை. தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அம்மாயியின் அக்கா கோத்தகிரிப் பக்கம் போனார். இரண்டு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை.

"அன்னைக்கு வந்ததுதான். அதுக்கு முந்தி நா கோச்சியே பாத்ததில்ல," என்றார் அம்மாயி. அவ்வளவுதான் சொன்னார். கொட்டகலை வரும்வரை யாரும் பாட்டைக் கூட்டவில்லை. அம்மாவின் பிளாஸ்டிக் உறையைப் பற்றியும் அதற்குப் பிறகு நாங்கள் கேலி பேசவில்லை.

பத்தனை தாண்டியதும் டெவன் நீர்வீழ்ச்சி, அடுத்துச் சென்கிளேயர். இரண்டு இடத்திலும் இறங்கி, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வரிசையில் நின்று போட்டோ எடுத்தோம். சென்கிளேயரில் தண்ணீர் குறைவு. 2012இல் திறந்த மேல் கொத்மலை மின்திட்டத்துக்குத் தலவாக்கலையில் ஆற்றை மறித்த பிறகு இப்படித்தான் என்று மாமா சொன்னார். "கரண்டு கொழும்புக்குப் போவுது, பாறை நமக்கு," என்றார். அவர் வீட்டிலும் கரண்ட் இருக்கிறது என்று சித்தி நினைவூட்டினார். சிரித்துக்கொண்டே ஏறினோம்.

நுவரெலியா வசந்த காலத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிரகரி வாவியைச் சுற்றி வாகன நெரிசல், விக்டோரியா பார்க்கில் பூவைவிடக் கூட்டம். அன்று இரவு நானுஓயாப் பக்கத் தோட்டம் ஒன்றில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். ஒரு காம்பிராவில் பதினொரு பேர். பழக்கப்பட்ட ஏற்பாடு, நல்ல தூக்கம்.

விடியற்காலை அம்பேவலை, பட்டிப்பொல வழியாக ஹோட்டன் சமவெளி. ஆறு மணிக்கு வாசலில் நின்றோம். உள்ளூராருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டாருக்குப் பல மடங்கு. அம்மா உறையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் போனார். கேட்கவே இல்லை. டிக்கட்டை நீட்டினார்கள். அம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். "பாக்கலியா?" என்று கேட்டார். "பாக்க மாட்டாங்கம்மா, மூஞ்சப் பாத்தாலே தெரியுமே நம்ம இந்த ஊருன்னு," என்றான் தம்பி. அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். 2003இல் வந்த சட்டத்தில்தான் அம்மாயிக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது, ஐம்பது வயதில். அவர் டிக்கட்டை வாங்கி மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் வைத்திருக்கிறார்.

உள்ளே போகும் இடத்தில் பையைத் திறந்து பொலித்தீன்களை வாங்கிக்கொள்கிறார்கள். பிஸ்கட் உறையைப் பிரித்துக் கடதாசியில் கட்டித் தருகிறார்கள். நல்ல வழக்கம். எங்கள் ரொட்டி வாழையிலையில் இருந்ததால் அம்மாயிக்கு ஒரே பெருமை.

சுற்று மொத்தம் ஒன்பது கிலோமீற்றர் இருக்கும். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பிறகு பேக்கர் நீர்வீழ்ச்சி, திரும்பி வாசல். சரிவும் சேறும் கல்லும். கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள் விலையுயர்ந்த சப்பாத்துகளில் மூச்சிரைத்துக்கொண்டு நடந்தார்கள். நாங்களும் இரைத்தோம் என்பதை ஒளிக்கவில்லை. விடுதிச் சாப்பாடும் விரிவுரை மண்டபமும் எங்களை அப்படி ஆக்கியிருக்கின்றன. 72 வயது அம்மாயி பாட்டா செருப்போடு முன்னால் போய்க்கொண்டிருந்தார். கால் வைக்கும் இடத்தை அவர் பார்க்கவே இல்லை. காலுக்கே தெரிந்திருந்தது.

உலக முடிவில் பனி. பத்து மணிக்கு மேல் ஒன்றும் தெரியாது என்று சொல்லித்தான் விடியற்காலை கூட்டி வந்தோம். ஏழேமுக்காலுக்கே வெள்ளையாகக் கிடந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஒரு கல்லில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் இருக்கும். திடீரென்று திரை விலகின மாதிரி கீழே திறந்தது.

சுமார் 870 மீற்றர் செங்குத்து. பார்க்கிறவர்கள் எல்லாரும் "வாவ்" என்றார்கள். நாங்களும் சொன்னோம். அம்மாயி மட்டும் கண்ணைச் சுருக்கிக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது லயமா?"

அப்போதுதான் பார்த்தோம். அடிவாரத்தில் பச்சை, அதன் நடுவில் கோடு கோடாகப் பாதை, வெயில் பட்டு மினுங்கும் தகரக் கூரைகள். நன்பேரியல் தோட்டம் என்று பக்கத்தில் நின்ற வழிகாட்டி சொன்னார். காலண்டர் படத்திலும் அது இருந்திருக்க வேண்டும். இவ்வளவு வருடம் அதே சுவரைப் பார்த்துப் படித்த எங்கள் கண்ணுக்கு அது பட்டதில்லை.

"அங்கயும் இருக்காங்களா," என்றார் அம்மா. பிறகு இரண்டு பேரும் வேறு எதையும் பார்க்கவில்லை. கடைக்கு எங்கே போவார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவார்கள், பள்ளிக்கூடம் எத்தனை கட்டை தூரம். இதையே பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. 60,000 ரூபாய் கொடுத்து உலக முடிவுக்கு வந்து லயத்தைப் பார்க்கிறார்களே என்று. பேக்கர் நீர்வீழ்ச்சிப் படிகளில் இறங்கும்போதுதான் இது வேறு மாதிரியும் தோன்றியது. உலகம் முடிகிற இடம் என்று யாரோ பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குக் கீழே காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு உலகம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒஹிய வழியாக இறங்கி மாலையில் ஹப்புத்தளை. இங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அதனால் வாடகைக்கு இரண்டு அறை. அம்மாவும் அம்மாயியும் காசு கொடுத்து ஓர் இடத்தில் தூங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. காலை எழுந்து பார்த்தால் படுக்கை விரிப்புகளை மடித்து வைத்து, அறையைக் கூட்டி, தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். "அதுக்குத்தாம்மா காசு குடுத்திருக்கோம்," என்றோம். "யாரோ ஒரு புள்ளதானே வந்து செய்யணும்," என்றார் அம்மா.

மூன்றாம் நாள் லிப்டன் சீட். 1890இல் தோமஸ் லிப்டன் தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கி ஃபெக்டரி கட்டினார். அங்கிருந்து ஏழு கிலோமீற்றர் தேயிலை மலை வழியாக ஏறினால், அவர் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லும் உச்சி. ஓட்டோவிலும் போகலாம். நடப்போம் என்று அம்மா சொன்னார்.

இந்தப் பக்கமெல்லாம் இப்போது நடைப்பயணிகள் வருகிறார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ ட்ரெய்ல் என்ற நடைப்பாதை, 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் போகிறது. பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகள்தான், தேயிலை இறக்கவும் ஆள் ஏறவும் வெட்டியவை. அம்மாவிடம் சொன்னோம். "குறுக்குப் பாதைக்கா பேரு வச்சிருக்காங்க?" என்று சிரித்தார். எங்களுக்கு இன்னொரு நடை ஞாபகம் வந்தது. 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடை. 200 வருடத்துக்கு முன் நம் ஆட்கள் காட்டு வழியே வந்த பாதையை ஞாபகப்படுத்தி நடந்தார்கள். அப்போது எங்களால் போக முடியவில்லை, பேஸ்புக்கில்தான் பார்த்தோம். ஒரே மலைநாட்டுக்கு இரண்டு விதமான நடை. ஒன்றில் வழியைப் பார்க்கிறார்கள், மற்றதில் வழியில் விழுந்தவர்களை நினைக்கிறார்கள். ஒன்று சரி, மற்றது பிழை என்று சொல்ல வரவில்லை. வழியில் எங்களோடு பேசிய ஓட்டோத் தம்பி தம்பேத்தன்னை லயத்துப் பிள்ளை. டூரிஸ்ட் வருவதால்தான் கொழும்புக்குப் போகாமல் அம்மாவோடு இருக்க முடிகிறது என்றான். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

பாதி தூரத்தில் ஒரு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து பெண்கள், பின்னால் பனி, மேலே வெயில். அப்படி ஒரு காட்சி. தம்பி போனைத் தூக்கினான். எங்களில் இன்னும் இரண்டு பேரும் தூக்கினோம்.

"கேட்டியா?"

அம்மாவின் குரல் அப்படி வந்து நாங்கள் அதிகம் கேட்டதில்லை. "கேக்காம எடுக்குற? ஒன்னய மாதிரி எத்தன பேரு என்னய எடுத்துட்டுப் போயிருக்கான் தெரியுமா? மூக்கு ஒழுவும், படங்கு நனஞ்சு கெடக்கும், அட்டை கடிச்சு ரத்தம் ஒழுவும். அவனுக்கு அழகா இருக்கும்."

போனை இறக்கினோம். ரோட்டோரம் நின்று நாங்கள் கை காட்டிய வேன்கள் எல்லாம் ஒரு கணத்தில் ஞாபகம் வந்தன. ஜன்னலுக்கு உள்பக்கம் வர எங்களுக்கு மூன்று நாள்கூட ஆகவில்லை.

அம்மா நிறைக்குள் இறங்கிப் போனார், நல்ல சேலையோடு. ஓரத்தில் நின்ற அக்காவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"பேருக்கு எத்தன கிலோ இங்க?"

"பதினெட்டுங்க. நீங்க எந்தத் தோட்டம்?"

"கினிகத்தேனப் பக்கம். இப்பதான் நின்னேன்."

"யாரு வூட்டுக்கு வந்திருக்கீங்க?"

அம்மாவுக்குப் பதில் வரவில்லை. எங்களுக்கும்தான். கல்யாணம், சாவு, திருவிழா, ஆஸ்பத்திரி. இந்த நான்கில் ஒன்றுக்கு இல்லாமல் எங்கள் ஆட்கள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதில்லை. அந்த அக்கா கேட்டதில் ஒரு பிழையும் இல்லை.

"சும்மா பாக்கத்தான் வந்தோம்," என்றார் அம்மா. ஏதோ திருடிவிட்ட மாதிரி மெதுவாக.

அந்த அக்கா கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தார். பிறகு சிரித்தார். "நல்லா பாருங்கக்கா. நா இங்கயே பொறந்து வளந்தேன், மேல சீட்டுக்கு ஒரு நாள்கூட ஏறுனதில்ல. வேல நேரத்துல எங்க போறது, வேல முடிஞ்சா எங்க நேரம்?"

பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் கை தானாகப் போய்விட்டது. இரண்டு இலையும் ஒரு மொட்டும், இரண்டு கையாலும், பேச்சு நிற்காமல். பத்து நிமிடம் இருக்கும். பறித்ததை அந்த அக்காவின் கூடையில் போட்டார். ஒரு கிலோ வந்திருக்குமா, தெரியவில்லை. மேலே போகும்போது அந்த அக்காதான் கூப்பிட்டார்: "தம்பி, இப்ப எடு. எங்க ரெண்டு பேத்தையும் எடு." எடுத்தோம். அவருடைய மகளின் வட்ஸ்அப்புக்கு அங்கேயே அனுப்பினோம். அது இங்கே போடுவதற்கான படம் இல்லை.

உச்சியில் லிப்டன் ஐயா சிலையாகக் கோப்பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்க வரிசை. வரிசையெல்லாம் அம்மாயிக்குத் தெரியாது. நேரே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்காலைத் தடவிக்கொண்டார். "கொஞ்சம் எடம் இருந்துச்சு, அதான்," என்றார் எங்களிடம். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யாரும் எழும்பச் சொல்லவில்லை. அந்த உயரத்திலிருந்து ஊவா, சப்ரகமுவ, தெற்கு என்று மாகாணம் மாகாணமாகத் தெரியும். அம்மாயி கண்ணை மூடிக்கொண்டு காற்று வாங்கினார்.

திரும்பும் வழி பெரகலை, ஹல்துமுல்லை, பெலிஹுல்ஓயா, பலாங்கொடை, இரத்தினபுரி. பெலிஹுல்ஓயாப் பக்கம் வரும்போது மாமா வேனை ஓரம் கட்டச் சொன்னார். வடக்கே பெரிய சுவர் மாதிரி மலை நின்றது. "அதுக்கு மேலதான் நேத்து நின்னோம்." அம்மா தலையைச் சாய்த்து உச்சியைப் பார்த்தார். பிறகு அடிவாரத்தைத் தேடினார். மரங்கள் மறைத்தன. "இங்கேருந்து பாத்தா அவுங்க தெரியல," என்றார்.

அவிசாவளை, கித்துல்கலை. மறுபடியும் காது அடைத்தது. கினிகத்தேனையில் மழை. எங்களுக்கு முன்னால் ஒரு டூரிஸ்ட் வேன் பிளேன்டீக்கு நின்றிருந்தது. நாங்களும் நிறுத்தி ஒன்று குடித்தோம், வீடு பத்து நிமிடத்தில் இருந்தும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே 98 மீற்றர் உயரத்தில் அபர்டீன் நீர்வீழ்ச்சி இருக்கிறது. வழி கேட்டு வருகிறவர்களுக்கு எத்தனையோ தடவை கை நீட்டிக் காட்டியிருக்கிறோம். ஒரு நாளும் போனதில்லை. அடுத்த மாதம் போவதாக இருக்கிறோம். வேன் தேவையில்லை, நடக்கலாம்.

மறுநாள் காலை பீலியடியில் பக்கத்துக் காம்பிரா அக்கா அம்மாவிடம் கேட்டார்: "மூணு நாளா ஆளக் காணமே, யாரு வூட்டுக்குப் போயிருந்தீங்க?"

அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். "யாரு வூட்டுக்கும் இல்ல. சும்மா பாக்கப் போனோம்." இந்தத் தடவை மெதுவாகச் சொல்லவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "அடுத்த வருசம் போனா ஒரு வார்த்த சொல்லுங்க. வேனுல எடம் இருக்குமுல்ல?"